அம்மாள் தந்த சிவப்புப் பூ

விதி இப்படிச் சொன்னது. பிள்ளை பிறந்து குறித்த மாதங்களுக்குள் தாயோ தகப்பனோ அதைப் பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தரிடம் கொண்டுவந்து குத்துவிக்க வேண்டும். பிள்ளைக்கு வருத்தம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் தவணை கொடுக்கலாம். வேறு எந்தக் காரணமும் ஏற்கப்படமாட்டாது. மறுத்தால் அறிவித்தல், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம், அங்கே தண்டம். விதி இவ்வளவு தெளிவாக இருந்ததால், அதை எழுதியவர் வடமராட்சிப் பக்கம் ஒருநாளும் வந்திருக்கமாட்டார் என்று முடிவு செய்தேன்.

சுகாதாரப் பகுதி உத்தியோகத்தரான உங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தார். தடுப்பூசியைக் கட்டாயப்படுத்தித்தான் போட வேண்டுமா, விரும்பியவர்கள் மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்டார். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். உத்தியோகக் காலம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அவருக்குச் சொல்லி முடிக்காததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்துவிட்டு யாழ்ப்பாணம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. சட்டப் பிரிவுகளோ அதற்கு முன்பே முளைத்துவிட்டன. எந்தப் படிவத்தை எந்தக் கந்தோருக்கு எத்தனை பிரதியில் அனுப்ப வேண்டும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனைக் கரவெட்டிப் பக்கத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு குறிச்சிக்கு அம்மைப்பால் குத்த அனுப்பினார்கள்.

அங்கே செல்லம்மா என்று ஒரு பெண். மணமுடித்து நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, ஊர் அம்மாள் கோயிலில் நேர்த்தி வைத்து, பரமேசு என்ற பெண்பிள்ளையைப் பெற்றவள். நேர்த்தி இதுதான்: பிள்ளையின் முதல் முடியைப் பங்குனித் திங்கட்கிழமையில் அம்மாள் சந்நிதியில் இறக்குவது, அதுவரை பிள்ளையின் உடம்பில் இரும்பு படவிடாமல் பார்த்துக்கொள்வது. போன பங்குனியிலேயே இறக்கியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து உறவில் ஒருவர் இறந்து துடக்கு வந்துவிட்டது. அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டும். செல்லம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். பிள்ளையின் நகத்தைக்கூடத் தன் பல்லால் கடித்துத்தான் எடுத்தாள்.

இந்த வீட்டுக்குத்தான் நான் தோலைக் கீறி அம்மைப்பால் ஏற்றும் இரும்புக் கீறுகோலை எடுத்துக்கொண்டு போனேன்.

செல்லம்மா மரியாதையாக மோர் தந்தாள். "தம்பி, நான் உங்கடை சட்டத்துக்கு எதிரில்லை. ஆனா அம்மாளுக்குக் குடுத்த சொல்லு உங்கடை சட்டத்துக்கு முந்தினது. பங்குனி முடியட்டும், ரண்டு கையிலையும் கீறுங்கோ" என்றாள்.

அவளுடைய மச்சாள் பொன்னம்மா, புருஷனின் தமக்கை, மோர் தரவில்லை. வாசற்படலைக்குக் குறுக்கே நின்றாள். "கவுண்மேந்துக் கச்சேரியிலை இருந்து வந்தால் என்ன, கதிர்காமத்திலை இருந்து வந்தால் என்ன, இந்தப் பிள்ளையிலை இரும்பு படாது." செல்லம்மாவின் புருஷன் கந்தையா மாட்டுக்குப் புல் போடுகிற சாட்டில் கொட்டிலுக்குள் போனவர், நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை. மாடு அன்று நன்றாகச் சாப்பிட்டிருக்கும்.

அந்தக் குறிச்சியில் கோயிலைக் கட்டியது செல்லம்மாவின் பாட்டன் பரம்பரை. அவள் கை நீட்டாமல் வேறொருத்தி தன் பிள்ளையின் கையை நீட்டமாட்டாள். ஒரு வீட்டுப் படலை பூட்டினால் குறிச்சி முழுவதும் பூட்டியது மாதிரித்தான்.

போதாததற்குப் பிறக்கிராசியார் ஒருவர் இருந்தார். பட்டினத்து நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர், வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வருவார். சால்வையைச் சரிசெய்துகொண்டு என்னை ஒழுங்கையில் மறித்தார். "பெரிய சட்டசபையையே வேண்டாம் எண்டு தள்ளின சனம் நாங்கள். உம்மடை சின்ன ஊசியைத் தள்ள எங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்றார். பிறகு பகிடியை விட்டுவிட்டுக் கேட்டார். "தம்பி, உடம்பு ஆரின்ரை? என்ரை. அதுக்குள்ளை என்ன போகவேணும் எண்டு கவுண்மேந்து எப்பிடிச் சொல்லலாம்? இண்டைக்குக் கையைக் காட்டு எண்டுது. நாளைக்கு எதைக் காட்டச் சொல்லும்?"

நான் சட்டப் பிரிவின் இலக்கத்தைச் சொன்னேன். அது பதில் அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் ஒரு வேடிக்கை. பேச்சின் சூட்டில் அவர் சால்வை நழுவியபோது, இடது புயத்தில் நான்கு அம்மைப்பால் தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பட்டினத்து விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்லவா. சுதந்திரத்தைப் பற்றிப் பயமில்லாமல் பேச அவருக்கு அது ஒரு வசதி.

வழக்குப் போட என்னிடம் படிவம் இருந்தது. போட்டிருந்தால் கந்தையா தண்டத்தைக் கட்டிவிட்டு வந்திருப்பார். பிள்ளையின் கை அப்படியேதான் இருந்திருக்கும். அதனால் முறைப்படி கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தெய்வத்துக்கு வைத்த நேர்த்தியைத் தவணைக்குப் போதிய காரணமாகக் கொள்ளலாமா, கொள்ளலாமெனில் எந்தப் படிவத்தில் என்று. உரிய மேலதிகாரிகள் வழியாகவே அனுப்பினேன். நேரே அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 'தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது' என்று சீக்கிரமே ஒரு துண்டு வந்தது. அந்தக் காலத்தில் நான் அதை நல்ல சகுனம் என்று எண்ணினேன்.

வைகாசி பிறந்தது. கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து வந்த வள்ளமொன்றில் ஒருவன் காய்ச்சலோடு இறங்கினான். கொஞ்ச நாளில் கரையோர ஊரில் ஒரு வாசலில் வேப்பிலை செருகினார்கள். பிறகு பக்கத்து வாசலில். அம்மாள் வந்திருக்கிறா என்றார்கள். அந்த வருத்தத்துக்குப் பெயர் சொல்வது வழக்கமில்லை. நான் அங்கே போய் வந்தேன். பரமேசுவின் வயதுப் பிள்ளை ஒன்றை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். இதற்குமேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

பெரிய டொக்டர் ஆசுப்பத்திரி விறாந்தையில் நின்றபடியே உத்தரவு போட்டார். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் குத்தி முடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து கோச்சி ரயிலில் வந்த அம்மைப்பால் இந்த வெயிலில் நெடுநாள் தாங்காது. அந்தக் குறிச்சி மறுத்தால் பொலிசோடு போ என்றார். பொலிசோடு போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் மணி கேட்டதும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் இறங்குவார்கள். அங்கிருந்து உறவினர் வீடுகளுக்குப் போவார்கள். அந்த உறவினர்களில் பாதிப்பேர் கரையோர ஊரில் இருந்தார்கள்.

ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மாளிடமே கேட்போம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் அம்மாள் நேர்த்தியிலிருந்து செல்லம்மாவை விடுவித்துவிட்டா, கீறலாம். சிவப்பு வந்தால் கீறக்கூடாது. அரசாங்கத்தின் சட்டம் ஒரு பூவில் தொங்குவதா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஆறியதும் எனக்குள் இருந்த உத்தியோகத்தன் விழித்துக்கொண்டான். பொட்டலத்தைக் கட்டுவது யார்? எடுப்பது யார்? இரண்டும் ஒரே பருமனா? சாட்சி யார்? வியாழன் பின்நேரம் இதையெல்லாம் விசாரிக்கப் பூசாரியாரிடம் போனேன்.

பூசாரியார் கோயில் கிணற்றடியில் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"நீரும் வந்திட்டீரோ? ரண்டு பொட்டலத்திலையும் வெள்ளையை வைக்கச் சொல்லத்தானே வந்தனீர்?"

இல்லை, நடைமுறையைக் கேட்க வந்தேன் என்றேன். அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் முதல்முறையாகக் காண்பவர் போல என்னைப் பார்த்தார்.

"அப்ப நீர் ஒராள்தான் ஒழுங்கான ஆள். விடியக் கந்தையா வந்தவர். ரண்டிலையும் வெள்ளையாம், பெண்சாதிக்குச் சொல்லக் கூடாதாம். பிறகு செல்லம்மா வந்தவ. ரண்டிலையும் வெள்ளையாம், மச்சாளுக்குச் சொல்லக் கூடாதாம். அந்தப் பிறக்கிராசியும் வெள்ளை எண்டு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினவர். இப்பத்தான் பொன்னம்மா போறா."

"பொன்னம்மாவா?"

"ஓம், அவதான். அழுதுபோட்டுப் போறா. வெள்ளையை வையுங்கோ, நான் சொன்னது எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது எண்டு."

இதையெல்லாம் என்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "நீர் கவுண்மேந்து. கவுண்மேந்துக்குச் சொன்னது ஊருக்குச் சொன்னதாகாது" என்றார். சட்டம் படித்த எனக்கு அதில் பிழை பிடிக்க முடியவில்லை. பிறகு விளக்கைத் திரும்ப எடுத்தார். "ஆனா தம்பி, நான் ஒண்டிலை வெள்ளை, ஒண்டிலை சிவப்புத்தான் வைப்பன். அம்மாளை ஏமாத்திற வேலை என்னட்டை இல்லை."

திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர்கூட மறுக்காத ஒன்றை ஊர் முழுவதும் சேர்ந்து மறுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் மற்றவருக்காகப் பிடிவாதமாக நின்றார்கள். இந்தப் பேர்வழிகளின் மனநிலையைப் பதிய எந்தப் படிவத்திலும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை குறிச்சி முழுவதும் கோயில் முற்றத்தில் நின்றது. எடுப்பது யார் என்று வாதம் வந்தது. யாருக்கும் பட்சமில்லாமல் பரமேசுவே எடுக்கட்டும் என்று பிறக்கிராசியார் தீர்ப்புச் சொன்னார். ஒன்பது மாதப் பிள்ளை. செல்லம்மா அவளைச் சந்நிதியில் இறக்கிவிட்டாள். அவள் தவழ்ந்து போய் முதலில் பூசாரியாரின் பூணூலைப் பிடித்தாள். அது செல்லாது என்றார்கள். பிறகு இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறித் தட்டினாள். கடைசியில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். பொன்னம்மா வாயிலிருந்து பிடுங்கிப் பூசாரியாரிடம் கொடுத்தாள்.

சிவப்பு.

எல்லோரும் ஒரே முகத்தோடு பூசாரியாரைப் பார்த்தார்கள். இரண்டிலும் வெள்ளை வைக்கச் சொல்லியிருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் கோபத்தை யாருக்கும் காட்டமுடியாமல் நின்றார்கள். பூசாரியார் அம்மாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லம்மா பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்தாள். அவளுடைய கண்ணில் இருந்தது பக்தி அல்ல, பயம். கரையோர ஊர் அங்கிருந்து நடக்கிற தூரம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் கையில் இரண்டு வழிகள் இருந்தன. பூசாரியார் சொன்னதை நான் போட்டுடைத்திருக்கலாம். நீங்கள் எல்லோரும் வெள்ளையைத்தானே கேட்டீர்கள் என்று ஒரு சொல். பொன்னம்மா கிணற்றில் விழுந்திருப்பாள், பூசாரியார் ஊரைவிட்டுப் போயிருப்பார், செல்லம்மா அம்மாளுக்குத் துரோகம் செய்தவள் என்று தலைமுறைக்கும் பெயர் எடுத்திருப்பாள். மற்ற வழி, பூவுக்கு மரியாதை கொடுத்து, கந்தோரின் பதில் வரும்வரை பார்த்திருப்பது. விதிப்படி பார்த்தால் அதுதான் ஒழுங்கு, கேள்வியை மேலிடத்துக்கு எழுதியாயிற்று.

நான் இரண்டையும் செய்யவில்லை. முற்றத்தில் கிடந்த பலகையொன்றில் ஏறி நின்று, வாழ்நாளில் எழுப்பாத குரலை எழுப்பினேன். அம்மாள் வேண்டாம் என்றாலும் அரசாங்கம் விடாது என்றேன். இன்று சூரியன் மறையுமுன் எல்லாக் கையும் கீறப்பட வேண்டும், இல்லையென்றால் பொலிசு வரும், ஊர்த் தலைவர் விதானையார் வருவார், பருத்தித்துறை மறியல்வீடு திறந்திருக்கிறது என்றேன். ஒருவரையும் சிறையில் வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பிரிவு இலக்கங்களையும் சொன்னேன். அவற்றில் ஒன்று மாட்டு வண்டி விளக்குப் பற்றியது.

ஊர் என்னைத் திட்டியது. அப்படி ஒரு திட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறக்கிராசியார், "இது கொடுங்கோன்மை, நான் பெட்டிசம் போடுவன்" என்று முழங்கினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. திட்டிக்கொண்டே சனம் வேம்பின் கீழ் வரிசையாக நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்தியது பொன்னம்மா. "பாவி, அம்மாள் உன்னைக் கேப்பா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, "தள்ளாதேங்கோ, பிள்ளைக்காரியள் முன்னுக்கு வாங்கோ" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள்.

முதலாவதாகச் செல்லம்மா. சந்நிதியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னாள். "அம்மாளாச்சி, நீ பாத்துக்கொண்டிரு. நான் மாட்டன் எண்டனான். இவன்தான் விடுறான் இல்லை. பாவம் இவனுக்கு."

"எனக்குத்தான்" என்றேன்.

"வடிவாச் சொல்லுங்கோ, அவவுக்குக் கேக்கட்டும்."

"பாவம் முழுக்க எனக்கு" என்று சந்நிதியைப் பார்த்துச் சொன்னேன். "எந்தக் கை?"

"நான் தரமாட்டன்" என்றாள். பிள்ளையின் இடது சட்டைக்கை அதற்கு முன்பே தோள்வரை சுருட்டியிருந்தது.

எல்லோருக்கும் குத்தி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. கந்தையாவை மட்டும் காணவில்லை. பாம்பைக் கையால் பிடித்து எறிகிற மனிதர், கீறுகோலைக் கண்டதும் புகையிலைக்குள் புகுந்துவிட்டார். பூசாரியாரிடம் அவர் வெள்ளை கேட்டது பிள்ளைக்கு மட்டும்தான் போலும். இருளும் வரை தேடினோம். மறுநாளும் மறைந்து திரிந்தார். அம்மைப்பால் முடிந்துவிட்டது.

அந்த மாதம் முடிவதற்குள் குறிச்சியில் ஒரே ஒரு வாசலில் வேப்பிலை ஏறியது. செல்லம்மா வீட்டு வாசலில். கந்தையா மாட்டுக் கொட்டிலில் கிடந்தார். அந்த நாட்களில் நான் ஒவ்வொரு காலையும் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு பிள்ளை கத்துகிறதா என்று காது கொடுத்தேன். பரமேசு கத்துவாள். தகப்பனிடம் போக விடுகிறார்கள் இல்லை என்று கத்துவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் சைக்கிளில் ஏறுவேன். அவளுக்கு ஒரு கொப்புளமும் வரவில்லை. கந்தையா பிழைத்தார். முகம் மட்டும் மழை விழுந்த மணல் போலாயிற்று.

இதிலிருந்து ஊர் என்ன படித்தது என்று கேட்பீர்கள். பொன்னம்மா எனக்கு விளக்கினாள். "அம்மாள் வேண்டாம் எண்டவ. ஊரிலை அவவின்ரை சொல்லைக் கேட்டது என்ரை தம்பி ஒருத்தன்தான். அந்தச் சந்தோசத்திலைதான் அவ அவனிட்டை வந்து போனவ." கந்தையா பக்கத்தில் இருந்தார். "இனி ஒருக்கா அவ வேண்டாம் எண்டா, கேக்கமாட்டன்" என்றார் மெதுவாக.

பிறக்கிராசியாரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. உடம்பு அவரவருடையதுதான். ஆனால் அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது தங்கள் விருப்பத்தைச் செய்ய ஒரு சாட்டு. தெய்வம் அதைக் கொடுக்கவில்லை. சட்டம் கொடுத்தது. கட்டாயம் என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்கும்போது, பழியையும் சேர்த்து எடுக்கத் தயாராக இருங்கள். பழியை ஊருக்கு விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு கையும் நீளாது. அதோடு, கட்டாயம் என்று கத்துகிறவன் கந்தையாவையும் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை.

அடுத்த பங்குனியில் பரமேசுவின் முடியை இறக்கினார்கள். அன்றே செல்லம்மா புது நேர்த்தி ஒன்று வைத்தாள். கீறின தம்பிக்கு வந்த பாவம் தீர, ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் ஒரு பானை பொங்குவது. பாவம் செய்தவன் வந்து நின்றால்தான் பொங்கல் செல்லும் என்று பூசாரியார் சொல்லிவிட்டார். அரியாலைக்கும் புத்தூருக்கும் மாற்றலாகிப் போன பிறகும், பங்குனி பிறந்தால் எனக்கு ஆள் வரும். போகாவிட்டால் பொன்னம்மாவே வருவாள். பிறக்கிராசியார் தன் பெட்டிசத்தின் பிரதியோடு வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்து பொங்கல் சாப்பிடுவார்.

அப்படி ஒரு திங்களில், பரமேசு பள்ளிக்கூடத்துச் சட்டையோடு வாழையிலை போட்டுக்கொண்டிருந்தாள். இடது புயத்தில் நான்கு தழும்புகளும் நன்றாகப் பரந்திருந்தன. என் இலையில் பொங்கல் விழும் நேரம் பார்த்து, கந்தோர்ப் பியோன் சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு ஒரு நீளக் கடித உறையை நீட்டினான். நேர்த்தியைப் பற்றி நான் கேட்டிருந்ததற்குப் பதில். விடயம் மேலிடத்தின் ஆலோசனையில் இருக்கிறதாம். தீர்மானம் வரும்வரை மேற்படி பிள்ளைக்கு அம்மைப்பால் குத்தாமல் நிறுத்திவைக்க வேண்டுமாம்.

உரக்க வாசித்தேன். பரமேசு தன் புயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதை அழிக்கவேணுமோ மாமா?" என்று கேட்டாள். கந்தையாதான் முதலில் சிரித்தார்.

உறையின்மேல் முறைப்படி குறித்தேன். பதில் கிடைத்த நாள்: பங்குனி மாதம், மூன்றாவது திங்கட்கிழமை.